“நீங்களே டிசி வாங்கிக்குங்க” என்கிறது பள்ளி!

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. தனியார் மெட்ரிக் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். லேசான ஆட்டிசமும் ஏடிஎச்டியும் இருப்பதாக ஆறு வயதில் மருத்துவர் சொன்னார். எல்கேஜியிலிருந்தே இதே பள்ளிதான். கணக்கில் கெட்டிக்காரன். ஆனால் இந்த வருடம் வகுப்பிலிருந்து எழுந்து ஓடுகிறான், பக்கத்துப் பிள்ளைகளைத் தள்ளிவிடுகிறான். போன மாதம் ஒரு பையனின் கையைக் கடித்துவிட்டான். அதிலிருந்து வாரத்தில் இரண்டு மூன்று நாள் பதினோரு மணிக்கே போன் வந்துவிடுகிறது, “வந்து கூட்டிட்டுப் போங்க” என்று. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஓயாமல் இவனைப் பற்றித்தான் பேச்சு. கடைசியாகப் பிரின்சிபால் கூப்பிட்டு, “நாங்களா அனுப்பினா பையனுக்குக் கெட்ட பேரு. நீங்களே டிசி கேட்டு ஒரு லெட்டர் குடுத்துடுங்க. இவனுக்கெல்லாம் ஸ்பெஷல் ஸ்கூல்தான் சரி” என்கிறார். “வம்பு எதுக்கு, வாங்கிடலாம்” என்கிறார் கணவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: அந்தக் கடிதத்தை மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பார்க்கலாம்.

உங்கள் கையெழுத்து விழுந்துவிட்டால், “பெற்றோர் விருப்பத்தின் பேரில்” என்று பள்ளிப் பதிவேட்டில் ஏறிவிடும். நாளைக்கு எந்த அதிகாரியிடம் போய் நின்றாலும், “அவங்களேதான் சார் கேட்டு வாங்கிட்டுப் போனாங்க” என்று அந்தத் தாளை எடுத்து நீட்டுவார்கள். பள்ளியே நீக்கினால் சட்டம் குறுக்கே நிற்கும். அதனால்தான் பெற்றோர் கையாலேயே எழுதி வாங்கப் பார்க்கிறார்கள்.

எந்தச் சட்டம்? 2009-இல் வந்த இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். எட்டாம் வகுப்பை முடிக்கும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது அதன் 16-வது பிரிவு. 2019-இல் அந்தப் பிரிவைத் திருத்தி, ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேறாதவர்களை நிறுத்திவைக்க வழிசெய்தார்கள். அப்போதும் நீக்கக் கூடாது என்ற விதியை விட்டுவிடவில்லை. இதற்கு மருத்துவச் சான்றிதழ் எதுவும் வேண்டாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான பாதுகாப்பு இது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. உங்கள் பள்ளி அந்த வகையா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. அதிலும் பிரிவு 16தான். நினைவில் வைத்துக்கொள்வது சுலபம். அரசின் அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் மாற்றுத்திறன் பிள்ளைகளைப் பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொண்டு, மற்றவர்களோடு ஒன்றாகப் படிக்கத் தேவையான ஆதரவைத் தர வேண்டும், அப்படி நடக்கச் செய்வது அரசின் பொறுப்பு என்கிறது. இந்தச் சட்டத்தில் உள்ள 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசம் இருக்கிறது. ஏடிஎச்டி தனியாகப் பெயர் சொல்லி இல்லை. எனவே பள்ளிக்கு எதை எழுதினாலும் ஆட்டிசத்தை முன்னால் வையுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையை (யுடிஐடி) இன்னும் எடுக்கவில்லை என்றால் விண்ணப்பித்துவிடுங்கள். “40 சதவீதம் இருந்தால்தான் எல்லாம்” என்று யாராவது சொல்லக்கூடும். உதவித்தொகை, இடஒதுக்கீடு போன்றவற்றுக்கு அந்த அளவைப் பார்ப்பார்கள். நான் சொன்ன 16-வது பிரிவு அதைக் கேட்பதில்லை.

சட்டம் உங்கள் மகனைப் பள்ளிக்குள் வைத்திருக்கும். வகுப்புக்குள் நிம்மதியாக உட்கார வைக்காது. அதற்கு வேறு வேலை இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்தப் பதினோரு மணி. பல பள்ளிகளில் காலை இன்டர்வெல்லை ஒட்டிய நேரம் அது. மணி அடிக்கும், ஒரே நேரத்தில் எல்லா வகுப்பும் வெளியே வரும், கழிப்பறையிலும் தண்ணீர்க் குழாயிலும் வரிசை, இடிபாடு, கூச்சல். சத்தமும் தொடுகையும் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு ஒரு நாளிலேயே கடினமான பொழுது அதுதான். இது என் ஊகம் மட்டுமே. உறுதிசெய்ய ஒரு நோட்டுப் போடுங்கள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் மூன்று விஷயம் எழுத வேண்டும்: அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன் பிறகு மற்றவர்கள் என்ன செய்தார்கள். “சேட்டை செய்தான்” என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. “தண்ணீர் வரிசையில் பின்னால் நின்றவன் தோளில் கை போட்டான், இவன் கடித்தான், ஆபீஸ் ரூமில் உட்கார வைத்தோம், அம்மா வந்து அழைத்துப்போனார்” என்று வகுப்பு ஆசிரியை எழுதினால் பாதி விடை அதிலேயே இருக்கும். இரண்டு வாரம் எழுதினாலே ஒழுங்கு ஒன்று புலப்பட்டுவிடும்.

மீதிப் பாதி “அம்மா வந்து அழைத்துப்போனார்” என்ற அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. கடித்தால் அம்மா வருவாள், வீட்டுக்குப் போகலாம் என்று ஆகிவிட்டதல்லவா? வெளியேறத் துடிக்கிற பிள்ளைக்கு வெளியேறும் வழியைப் பள்ளியே கற்றுக்கொடுக்கிறது. அவனை வீட்டுக்கு அனுப்புவது அந்த நேரத்துக்கு நிம்மதி தரலாம்; நடத்தையை அது வளர்க்கத்தான் செய்யும். இந்த விளக்கம் பிரின்சிபாலுக்கும் புரியும், சட்டப் பிரிவைவிடச் சீக்கிரமாகவே.

எல்கேஜியிலிருந்து இருந்தவன் இந்த வருடம் மட்டும் ஏன் மாறினான் என்பதையும் தேடுங்கள். மூன்றாம் வகுப்பில் போர்டைப் பார்த்து எழுதுவது கூடுகிறது. வகுப்பறை மாறியிருக்கலாம், பழகிய ஆசிரியை போயிருக்கலாம், யாராவது சீண்டிக்கொண்டே இருக்கலாம். தூக்கம், பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் இவற்றையும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வாய்விட்டுச் சொல்லத் தெரியாத பிள்ளைகள் வலியையும் கையாலும் பல்லாலும்தான் சொல்வார்கள்.

பிறகு ஒரு சந்திப்பு கேளுங்கள். வகுப்பு ஆசிரியையும் இருக்க வேண்டும். தனியாகப் போகாதீர்கள், கணவரோ தெரபிஸ்டோ உடன் வரட்டும். புகாரோடு போவதைவிட, ஒரு பக்கத் திட்டத்தோடு போங்கள். உதாரணமாக: இன்டர்வெல்லுக்கு மணி அடிப்பதற்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே அவனை அனுப்புவது. அன்றைய பாடவேளைகளைப் படமாக வரைந்து மேசையில் ஒட்டுவது. முன் வரிசையில், சுவரோரமாக ஓர் இடம். முடியாதபோது எழுந்து ஓடாமல் எடுத்துக் காட்ட ஒரு சிவப்பு அட்டை. காட்டினால் நூலகத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வரலாம். போர்டில் உள்ளதில் பாதி எழுதினால் போதும், மீதியை வாய்மொழியாகக் கேட்டுக்கொள்ளலாம். பதற்றம் வந்தால் அவனிடம் பேச, அவனுக்குப் பிடித்த ஓர் ஆசிரியர். இவற்றில் எதற்கும் பள்ளிக்குப் பெரிய செலவில்லை. ஆறு வாரம் பார்த்துவிட்டு மறுபடி உட்காரலாம் என்று தேதியும் குறித்துவிடுங்கள்.

“ஷேடோ டீச்சர் (வகுப்பில் பிள்ளையின் கூடவே இருந்து உதவுபவர்) வைங்க, சம்பளம் நீங்க குடுங்க” என்று கேட்கும் பள்ளிகள் உண்டு. தேவையான ஆதரவைத் தருவது பள்ளியின் கடமை என்பதைப் பணிவாக நினைவூட்டுங்கள். சிறப்பு ஆசிரியர் யாரும் அங்கே இல்லையென்றால், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். முக்கியமாக அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காகத்தான் அவர்கள் வேலை என்றாலும், போய் ஆலோசனை கேட்பதில் தவறில்லை. பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி போன்றவற்றுக்கு உங்கள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தை (டிஇஐசி) கேட்டுப்பாருங்கள். 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கான அரசு மையம் அது.

சந்திப்பு முடிந்த அன்றே ஒரு கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பிவிடுங்கள்: “இன்று தங்களைச் சந்தித்தோம். என் மகனுக்கு டிசி வாங்கிக்கொள்ளும்படி கூறினீர்கள். அதில் எங்களுக்குச் சம்மதமில்லை. அவன் இதே பள்ளியில் தொடர விரும்புகிறோம். இணைத்துள்ள திட்டத்தைச் செயல்படுத்திப் பார்க்க வேண்டுகிறோம்.” இவ்வளவு போதும், கோபமோ மிரட்டலோ வேண்டாம். நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பாதி நாளில் வீட்டுக்கு அனுப்பிய தேதிகள், நேரம், போன் செய்தவர் யார் என்பதையும் எழுதி வையுங்கள். அதுவும் ஒரு வகை வெளியேற்றம்தான். வருகைப் பதிவேட்டில் மட்டும் தெரியாது.

இத்தனைக்குப் பிறகும் பள்ளி பிடிவாதம் பிடித்தால், தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனு கொடுங்கள்; நகலை முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் அனுப்புங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. அதற்கும் மேலே சென்னையில் இரண்டு இடங்கள்: மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். ஆணையருக்கு ஆட்களை வரவழைத்து விசாரிக்க சிவில் நீதிமன்றத்துக்கு உரிய அதிகாரம் உண்டு. பெரும்பாலான விவகாரங்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. எழுத்தில் கேட்கிற பெற்றோர் என்று தெரிந்ததுமே பள்ளியின் குரல் மாறிவிடும்.

கடிபட்ட பிள்ளையின் தாயிடம் பேசினீர்களா? அவருடைய பயம் நியாயமானது. வாட்ஸ்அப்பில் பதில் எழுதிக்கொண்டிருக்காமல் நேரில் பார்த்து, “உங்க பிள்ளைக்கு வலிச்சதுக்கு வருத்தப்படறோம். இனி நடக்காம இருக்க இதெல்லாம் செய்யறோம்” என்று சொல்லுங்கள். குழுவில் இருக்கும் எல்லோரையும் சமாதானப்படுத்த முடியாது, தேவையுமில்லை. மகனின் மருத்துவ விவரங்களை அங்கே போடவும் வேண்டாம்.

உங்கள் கணவர் சொல்வதையும் தள்ளிவிட மாட்டேன். மனசே இல்லாத பள்ளியில் பிள்ளையை எத்தனை நாள் வைத்திருப்பது என்ற கேள்வி நியாயமானதுதான். ஆறு வாரம் முழு மனதோடு முயன்ற பிறகும் அவன் காலையில் பையைத் தொடவே அழுதால், வேறு பள்ளி பார்ப்பதில் தோல்வி ஒன்றுமில்லை. ஆனால் அந்த முடிவை நீங்கள் எடுக்க வேண்டும், கல்வியாண்டின் நடுவில் பள்ளி நெருக்கித் தள்ளுவதால் அல்ல. புதிய இடத்தில் சேர்க்கை உறுதியாகும் முன் டிசி கேட்காதீர்கள். அரசுப் பள்ளி என்றால் டிசி தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்க முடியாது. சிறப்புப் பள்ளி வேண்டுமா என்பதை அவனுடைய தெரபிஸ்டும் மருத்துவரும் நீங்களும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். கணக்கில் கெட்டிக்காரன், நான்கைந்து வருடமாக இதே பிள்ளைகளோடு படித்தவன். ஒரு வருடத் தொல்லையை வைத்து அவனுக்குச் சிறப்புப் பள்ளிதான் என்று சொல்ல இப்போதைக்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.