பிறக்கப்போகும் பிள்ளைக்குத் துணி

2022 இல் ரூபாய் வீழ்ந்தபோது கடைப் பம்பஸ் பலருக்கு எட்டாத பொருளாயிற்று. இடம்பெயர்ந்து லுணுகலையில் புதிதாய் அடுப்பு மூட்டியோர்க்குச் சொல்லவும் வேண்டுமா? நாம் துணியையே நாடுவோம், இதில் வெட்கமில்லை.

பச்சைப்பிள்ளை நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை நனைக்கும். வெயிலில் 24 துணி போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் துவைத்தது மறுநாளும் காயாது, 36 வேண்டும். பழைய பருத்தி வேட்டி, சேலையைக் கிழித்தாலே போதும். நைலெக்ஸ் ஈரத்தை உறிஞ்சாது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். புதுத்துணியானால் கஞ்சி போக மூன்று நான்கு முறை அலசவேண்டும்.

மலத்தைக் கழிப்பறையில் கொட்டியபின்பே துவைப்போம். பீலிக்கு மேலே அலசினால் கீழ் லயத்துப் பிள்ளைக்கு வயிற்றோட்டம். ஈரம் போகாத துணி பிள்ளையின் தோலைப் புண்ணாக்கும். அதற்காக அடுப்புக்கு மேலே கொடி கட்டாதீர்கள். புகையும் உண்டு, தீயும் உண்டு. இறவாரத்தில் காற்றுப்படக் கட்டுங்கள்.