காமாக்கதிர் வெடிப்பும் கால நுணுக்கமும்

நம் இலக்கண நூலார் காலத்தை அளக்கக் கண்ணிமைப்பையும் கைந்நொடிப்பையும் கொண்டனர். குற்றெழுத்துக்கு ஒரு மாத்திரை, மெய்க்கு அரை, மகரக் குறுக்கத்துக்குக் கால். அதனினும் மிக நுண்ணிய காலக் கூறுகளைக் கொண்டு, காணவொண்ணாத பொருளொன்றின் பருமனை வானியலார் கணிக்கும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

காமாக்கதிர் வெடிப்பு என்பது, நம் பால்வீதிக்கு அப்பாலிருந்து செக்கனின் சிறு கூறு முதல் சில நிமிடம் வரை பாய்ந்து மறையும் கதிர்ப்பெருக்காகும். வளிமண்டலம் இக்கதிர்களைத் தடுத்துவிடும். அணுக்குண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கர் ஏவிய வேலாச் செய்மதிகளே 1967 யூலை 2 இல் இதனை முதலிற் பதிந்தன. செய்தி வெளிவந்ததோ 1973 இல். நமக்கு அண்மையில், 2015 செப்டெம்பர் 28 இற் சிறீகரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பெற்ற அஸ்ரோசற் செய்மதியின் கருவியொன்று, இயங்கத் தொடங்கிய ஒக்டோபர் 6 ஆம் நாளிலேயே ஒரு வெடிப்பைக் கண்டது.

இவ்வெடிப்புகளின் வரைபுகள் ஒன்றைப்போல் ஒன்று இரா. சில ஒரே மேடாக எழுந்து தாழும். சில பல முட்களாகக் குத்திட்டு நிற்கும். சில அடங்கி மீண்டும் எழும். இவ்வேறுபாட்டால் அறிவது யாது?

வெள்ளவத்தைக் கடற்கரையிற் புகையிரதப் பாதையோரமாக 340 மீற்றர் நீளத்துக்கு மாணவரை நிறுத்தி, ஒரே கணத்திற் கைதட்டச் செய்வதாகக் கொள்வோம். வரிசையின் முனையில் நிற்பவருக்கு அது ஒரே தட்டாகக் கேளாது. ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றரே செல்லுமாதலின், ஓசை ஒரு செக்கன் நீண்டு கேட்கும். சுருக்கெனக் கேட்குமாயின் வரிசை குறியது என்பது துணிபு. ஒளிக்கும் இதுவே முறை. செக்கனின் ஆயிரத்திலொரு கூற்றில் ஒளி செல்லும் தூரம் ஏறக்குறைய 300 கிலோமீற்றர். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலுள்ள நேர்த்தூரமும் அதுவே. அத்துணை விரைவில் மாறும் கதிரின் மூலம் அதனிற் பெரிதாதல் அரிது.

ஆயினும் அங்ஙனம் ஒடுங்கி அசையாதிருப்பின், காமாக்கதிர்கள் தம்முள் மோதி இலத்திரன், பொசித்திரன் சோடிகளாகிவிடும், வெளிவாரா. அவை வெளிவருதலின், கதிருமிழும் பொருள் ஒளிவேகத்தை அண்மித்து நம்மை நோக்கிப் பாய்கின்றது என்பது பெறப்படும். அப்பாய்ச்சலாற் கால இடைவெளி நமக்குச் சுருங்கித் தோன்றும். எனவே கதிர் தோன்றுமிடம் மிகப் பெரிதாதலுங் கூடும். சிறுமை உள்ளிருந்து இயக்கும் பொருளுக்கே உரியது.

கணிப்பில் இடறுமிடமும் ஒன்றுண்டு. 100 துணிக்கைகளை எதிர்பார்க்குங் காலக்கூற்றில் 90 அல்லது 110 வருதல் தற்செயலே; எண்ணிக்கையின் வர்க்கமூலமே அத்தடுமாற்றத்தின் அளவு. கூறுகளை மிகச் சிறிதாக்கினால் தற்செயலைத் துடிப்பென மயங்குவோம். பெரிதாக்கினால் உண்மைத் துடிப்பை இழப்போம். அசை பிரிக்கத் தெரியாதவன் தளையைக் கெடுப்பதுபோன்றதே இது.

2 செக்கனுக்குக் குறைந்தவை நியூத்திரன் விண்மீன்களின் இணைவால், நீண்டவை பெருவிண்மீன்களின் சிதைவால் என்பது பொதுவான வகுப்பு. ஆனால் 2021 டிசெம்பர் 11 இற் கண்ட வெடிப்பு ஏறக்குறைய 50 செக்கன் நீடித்தும், பின்னெழுந்த ஒளி இணைவின் குறியையே காட்டிற்று. அதன்பின் மொத்த நீட்சியோடு, உள்ளிருக்கும் துடிப்புகளின் குறுமையையும் ஆய்வாளர் கருத்தாக நோக்கி வருகின்றனர்.