இளைஞர்க்கு வழித்துணை

வளரும் பருவத்துப் பிள்ளைக்குத் தாய் தந்தையர் உண்டு, ஆசிரியர் உண்டு, ஒத்த வயதுத் தோழர் உண்டு. இவர்கள் மட்டும் போதுமா? போதாது, நான்காவதாக ஒருவரும் வேண்டும் என்பது வாழ்ந்து பார்த்தோர் கண்ட உண்மை. அவர் வயதில் சற்று மூத்தவர். தண்டிக்கும் உரிமையோ மதிப்பெண் இடும் கடமையோ அவருக்கு இல்லை. ஆயினும், பிள்ளை முன்னேற வேண்டும் என்னும் அக்கறை அவருக்கு உண்டு. சொந்த ஊரில் இத்தகையவர் தாமே அமைந்துவிடுவர். அடுத்த வீட்டில் கல்லூரிக்குச் செல்லும் அண்ணனோ, நூல்நிலையப் பொறுப்பாளரோ, தெருக்கோடித் தையற்காரரோ அந்த இடத்தை நிரப்பிவிடுவர். பிழைப்பைத் தேடி ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்களில் அவ்விடம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கிறது. அவ்வெற்றிடத்தைச் சமுதாயம் முயன்று நிரப்பும் ஏற்பாட்டை 'மென்டரிங்' என்பர். நாம் அதனை 'வழித்துணை' என்று கூறலாம்.

இந்நகரில் வாழும் தமிழ்த் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நம் மன்றத்தினர் ஏதேனும் செய்ய வேண்டும் என்னும் பேச்சு அண்மையில் எழுந்துள்ளது. எண்ணம் உயர்ந்தது, ஐயமில்லை. ஆனால், உயர்ந்த எண்ணம் எப்போதும் நன்மையே விளைக்கும் என்று கொள்ளலாமா? இவ்வினாவைப் பிறர் ஏற்கெனவே எழுப்பி, முறையாகச் சோதித்தும் பார்த்துள்ளனர். அச்சோதனைகள் கூறுவது என்ன என்பதை இங்கே ஆராய்வோம்.

சொல்லும் பொருளும்

'மென்டர்' என்பது கிரேக்கப் பெருங்கவி ஹோமரின் 'ஒடிசி' காப்பியத்தில் வரும் ஒருவனின் பெயர். திராய்ப் போருக்குச் சென்ற ஒடிசியசு தன் இல்லத்தை நண்பன் மென்டரிடம் ஒப்படைத்துச் செல்கிறான். பின்னர், மகன் தெலமாக்கசு தந்தையைப் பற்றி அறியப் புறப்படும்போது, ஏதீனா என்னும் தெய்வம் மென்டரின் உருவில் வந்து அவனுக்குத் துணை நிற்கிறது. அப்பெயரே நாளடைவில் வழிகாட்டும் மூத்தவர் என்னும் பொதுப் பொருளைப் பெற்றது.

நமக்கும் இக்கருத்து புதிதன்று. திருக்குறளின் 45 ஆம் அதிகாரம் 'பெரியாரைத் துணைக்கோடல்'. அதனை அடுத்து நிற்பது 'சிற்றினம் சேராமை'. நல்ல துணையைக் கொள்வதும் தீய கூட்டத்தை விலக்குவதும் ஒரே பொருளின் இரு பக்கங்கள் என்பதை அவ்வரிசையே உணர்த்துகிறது. ஆனால், இங்கே ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். வள்ளுவர் கூறுவது, துணை வேண்டுவோன் தானே பெரியாரைத் தேடிச் செல்லும் நெறி. இன்றைய வழித்துணைத் திட்டங்களிலோ மூத்தவர் இளையவரைத் தேடிச் செல்கிறார். பெரும்பாலும் அப்பிள்ளை அவரைக் கேட்டு வரவழைக்கவில்லை. அழையாமல் ஒரு வீட்டிற்குள் நுழைகிறவருக்குப் பொறுப்பு இருமடங்கு அன்றோ?

இயல்பாக அமையும் துணையின் வலிமைக்கு ஒரு சான்று உண்டு. ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் 1955 இல் பிறந்த 698 குழந்தைகளின் வாழ்க்கையை எம்மி வெர்னர் என்னும் உளவியலறிஞரும் அவர்தம் குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். வறுமை, குடும்பச் சச்சரவு முதலிய பல இடர்களுக்கிடையே வளர்ந்த குழந்தைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் திறமும் தன்னம்பிக்கையும் உடைய மனிதராக வளர்ந்திருந்தனர். அவர்களுக்குக் கைகொடுத்தவை பல. அவற்றுள் ஒன்று, பாட்டனோ ஆசிரியரோ அண்டை வீட்டாரோ எவரேனும் ஒருவர் அவர்கள்மீது நிலையான அன்பு காட்டியமை.

தொடக்கமும் முதற் சோதனையும்

அமைப்பு முறையில் வழித்துணை தொடங்கியது 1904 இல், நியூயார்க் நகரில். சிறுவர் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்த எர்னஸ்ட் கூல்ட்டர், தம்முன் நிறுத்தப்பட்ட சிறுவர்களின் நிலையைக் கண்டு வருந்தினார். ஒவ்வொரு சிறுவனுக்கும் ஒரு பெரியவர் நண்பராக முன்வர வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் வேண்டினார். ஏறத்தாழ நாற்பது பேர் இசைந்தனர். 'பெரிய அண்ணன்' இயக்கம் இவ்வாறு பிறந்தது. பெண் குழந்தைகளுக்கென 'பெரிய அக்கா' இயக்கமும் தோன்றியது. 1977 இல் இரண்டும் ஒன்றாயின.

நன்மை விளைகிறது என்று எல்லாரும் நம்பினர். அதனைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தவர் ரிச்சர்டு கேபட் என்னும் மருத்துவர். பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜ், சாமர்வில் ஆகிய ஊர்களில் 506 சிறுவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். வயது, குடும்பநிலை, இயல்பு ஆகியவற்றில் ஒத்த இருவர் இருவராக அவர்கள் இணைக்கப்பட்டனர். ஒவ்வோர் இணையிலும் எவனுக்கு உதவி என்பதை நாணயத்தைச் சுண்டியே முடிவு செய்தனர். ஆய்வுக்கூடத்தில் பழகிய நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். ஒரே மண்ணில் இரு பாத்திகள் அமைத்து, ஒன்றுக்கு மட்டும் உரமிட்டால்தான் உரத்தின் பயன் தெரியும். உரமிட்ட பாத்தியை மட்டும் பார்த்து மகிழ்வது சோதனை ஆகாது.

1939 இல் தொடங்கி 1945 வரை அப்பணி நடந்தது. ஊதியம் பெற்ற ஆலோசகர்கள் வீடு தேடிச் சென்றனர். பாடம் சொல்லிக் கொடுத்தனர். மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். கோடை முகாம்களுக்கு அனுப்பினர். முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஜோன் மெக்கார்டு என்னும் குற்றவியலறிஞர் அச்சிறுவர்களைத் தேடிக் கண்டுபிடித்தார். அப்போது அவர்கள் நடுவயதினர். உதவி பெற்று, அவருடைய வினாக்களுக்கு விடையளித்தவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அத்திட்டம் தமக்கு நன்மை செய்தது என்றே கூறினர். ஆனால், ஏடுகள் வேறு கூறின. மீண்டும் குற்றம் புரிதல், குடிநோய், கடும் மனநோய் ஆகியவற்றில் உதவி பெற்றவர்களின் நிலையே, பெறாதவர்களின் நிலையைவிடத் தாழ்ந்திருந்தது. 1978 இல் வெளிவந்த இம்முடிவு சமூகப் பணியாளரைத் திகைக்க வைத்தது.

காரணம் யாது? திட்டவட்டமாகக் கூறுதல் இயலாது. பிறர் கையை எதிர்நோக்கும் பழக்கம் வளர்ந்து, அக்கை விலகியபோது சிறுவர் நிலைகுலைந்திருக்கலாம் என்பது மெக்கார்டின் கருத்துகளுள் ஒன்று. போர்க்காலத்தில் ஆலோசகர்கள் மாறிக்கொண்டே இருந்தனர் என்பதையும் கருத வேண்டும். கோடை முகாமுக்குப் பலமுறை சென்ற சிறுவரிடையே தீங்கு மிகுந்திருந்தது என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. வழிதவறக்கூடிய சிறுவரை ஓரிடத்தில் கூட்டினால் ஒருவனிடமிருந்து ஒருவன் கற்றுக்கொள்கிறான். 'சிற்றினம் சேராமை' அடுத்த அதிகாரமாக நிற்பதன் அருமை இங்கே விளங்குகிறது.

இரண்டாம் சோதனை

இதனால், வழித்துணையே வேண்டா என்று முடிவு கட்டலாகாது. 1992, 1993 ஆம் ஆண்டுகளில் 'பெரிய அண்ணன், பெரிய அக்கா' இயக்கத்தின் எட்டுக் கிளைகளில் மற்றொரு சோதனை தொடங்கியது. பத்து முதல் பதினாறு வயது வரையுள்ள 959 பிள்ளைகள் இதில் இடம்பெற்றனர். குலுக்கல் முறையில் ஒரு பாதியினர்க்கு உடனே துணை தேடித் தரப்பட்டது. மறுபாதியினர் பதினெட்டுத் திங்கள் காத்திருந்தனர். துணை பெற்றவர்கள் சராசரியாகத் திங்களுக்கு மும்முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் அளவில் தம் அண்ணனையோ அக்காவையோ சந்தித்தனர்.

முடிவு 1995 இல் வெளிவந்தது. காத்திருந்தவர்களோடு ஒப்பிட, துணை பெற்றவர்கள் போதைப்பொருளைத் தொடத் தொடங்கும் வாய்ப்பு 46 விழுக்காடும், மதுவைத் தொடங்கும் வாய்ப்பு 27 விழுக்காடும் குறைந்திருந்தன. பள்ளிக்கு வராத நாட்கள் ஏறக்குறையப் பாதியாயின. இத்தனைக்கும், அந்த அண்ணன்மாரும் அக்காமாரும் போதையின் கேட்டைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றியவர்கள் அல்லர். உடன் நடந்தனர், விளையாடினர், பேசினர், பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருந்தனர். அவ்வளவே.

முதற் சோதனையில் தீமை, இரண்டாவதில் நன்மை. இவ்வேறுபாட்டை விளக்க ஒரு திறவுகோல் 2002 இல் கிடைத்தது. ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்னும் இருவர் மேற்கூறிய பிள்ளைகளைத் துணை நீடித்த காலத்தைக் கொண்டு பிரித்துப் பார்த்தனர். ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்த உறவுகளில் பயன் மிகுதியாக இருந்தது. காலம் குறையக் குறையப் பயனும் குறைந்தது. மூன்று திங்களுக்குள் முறிந்த உறவுகளிலோ, பிள்ளைகளின் தன்மதிப்பும், 'எனக்குப் படிப்பு வரும்' என்னும் நம்பிக்கையும், துணையே பெறாத பிள்ளைகளைவிடக் கீழே இறங்கியிருந்தன.

நண்பர்களே, இக்கட்டுரையின் உயிர்நிலை இதுவே. வந்து பழகிச் சில வாரங்களில் மறைந்துவிடுகிறவர் வெறுங்கையோடு போவதில்லை. அப்பிள்ளையிடம் இருந்த நம்பிக்கையிலும் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு போகிறார். முன்பே யாரையோ இழந்த பிள்ளை, 'இவரும் போய்விட்டார். குறை என்னிடம்தான்' என்று எண்ணிக்கொள்கிறது. சிறிதளவு உதவி எதுவும் இல்லாததினும் மேல் என்னும் நம் வழக்கமான கணக்கு இங்கே செல்லாது.

மற்றோர் ஆராய்ச்சி 82 இணைகளை உற்றுநோக்கியது. அவர்களுள் சிலர் முதல் நாளே பிள்ளையைத் திருத்தப் புறப்பட்டனர். பலர் பிள்ளையின் விருப்பங்களை முதலில் அறிந்து, நட்பை வளர்த்து, பிறகே படிப்பையும் பழக்கத்தையும் பற்றிப் பேசினர். திருத்த வந்தவர்களின் உறவுகள் பெரும்பாலும் முறிந்தன. பழக வந்தவர்களின் உறவுகள் பெரும்பாலும் நிலைத்தன. காலம் நீடிக்க வேண்டுமாயின், அதிகாரம் குறைய வேண்டும்.

நம் நாட்டுச் சான்று

மாணவர் தொண்டு நம் நாட்டிற்குப் புதிதன்று. நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவரோடு தொடங்கப்பெற்றது. அதில் சேர்வோர் ஈராண்டில் 240 மணி நேரம் பணிபுரிய வேண்டும். ஓராண்டுக்கு 120 மணி. கணக்கிட்டுப் பாருங்கள்: வாரம் 2 மணி வீதம் 50 வாரங்கள் ஒரு பிள்ளையோடு செலவிட்டால் 100 மணி, மீதம் 20 மணி பயிற்சிக்கும் கலந்துரையாடலுக்கும் போதும். மாணவர்க்கு இயலாத அளவன்று இது.

வழித்துணைக்கு நெருங்கிய இனமான ஒரு முயற்சியும் இங்கே சோதிக்கப்பட்டுள்ளது. மும்பையிலும் வடோதராவிலும் 'பிரதம்' என்னும் அமைப்பு 'பாலசகி' திட்டத்தை நடத்தியது. பாலசகி என்றால் குழந்தையின் தோழி. பள்ளிப்படிப்பு முடித்த உள்ளூர் இளம்பெண்கள், வகுப்பில் பின்தங்கிய குழந்தைகளை நாள்தோறும் இரண்டு மணி நேரம் தனியே அமர்த்தி அடிப்படைப் பாடங்களைக் கற்பித்தனர். 2001 முதல் 2003 வரை நடந்த ஆய்வில் குழந்தைகளின் தேர்ச்சி உயர்ந்தது தெளிவாயிற்று. மிகவும் பின்தங்கியவர்களே மிகுந்த பயன் பெற்றனர். இவ்வாய்வை நடத்தியவர்களுள் இருவர், அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும், 2019 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். பெரும் பட்டம் பெற்றவர் தேவையில்லை; அருகில் இருப்பவரும், நாள் தவறாமல் வருபவரும் போதும் என்பது இதனால் பெறப்படும்.

நாம் செய்யத்தக்கவை

இந்நகரில் தமிழ்த் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகிறது; பள்ளியில் வேற்றுமொழியில் எழுதுகிறது. பள்ளியிலிருந்து வரும் கடிதத்தைப் பெற்றோரால் படிக்க இயலுவதில்லை. வீட்டின் மொழியையும் பல்கலைக்கழகத்தின் வாயிலையும் ஒருங்கே அறிந்தவர் அப்பிள்ளையின் உலகில் நாம் ஒருவராகத்தான் இருத்தல் கூடும். ஆகவே, நம்மால் இயலும். ஆயினும், பின்வருவனவற்றை மனத்தில் கொள்ளுதல் நலம்.

முதலாவது, ஓராண்டுக்கு வாக்குத் தர இயலாதவர் பிள்ளையை ஏற்கலாகாது. என்னைப் போல் இறுதியாண்டில் இருப்போர்க்கு இது வருத்தம் தரும் விதிதான். நாம் கணக்கு எழுதலாம். பெற்றோரைச் சந்தித்து விளக்கலாம். முதலாண்டு மாணவர்க்குப் பயிற்சி தரலாம். 'அண்ணா' என்றோ 'அக்கா' என்றோ அழைக்கப்படும் இடம் முதலாண்டு மாணவர்க்கே உரியது.

இரண்டாவது, எண்ணிக்கையில் ஆசை வேண்டா. இருபது பேர் இருந்தால் இருபது பிள்ளைகள். நூறு பிள்ளைகள் வேண்டா. ஆண்டு மலரில் அச்சிட நூறு என்பது அழகான எண்தான். ஆனால், பிள்ளைக்கு வேண்டியது ஒரே ஒருவர்.

மூன்றாவது, பெற்றோரின் இடத்தை நாம் பிடித்துக்கொள்ளக் கூடாது. முதலில் தாய் தந்தையரிடம் பேசி, அவர்கள் இசைவு பெற்று, அவர்கள் விருப்பத்தையும் கேட்டறிதல் வேண்டும். 55 திட்டங்களின் மதிப்பீடுகளைத் திரட்டி 2002 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பொதுவாக இத்திட்டங்களின் பயன் சிறிதளவே என்றது. பெற்றோரை ஈடுபடுத்துதல், துணைவர்க்குத் தொடர்ந்து பயிற்சி அளித்தல் முதலியன உள்ள இடங்களில் பயன் மிகுகிறது என்றும் அது கூறுகிறது.

நான்காவது, பிள்ளையின் பாதுகாப்பு. சந்திப்பு யாவரும் காணக்கூடிய பொது இடத்திலும், பெற்றோர் அறிந்த நேரத்திலும் நிகழ வேண்டும். 'போக்சோ' என வழங்கும் 2012 ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒவ்வொருவரும் படித்திருத்தல் வேண்டும். மன்றத்தின் பொறுப்பாளர் ஒருவர் திங்கள்தோறும் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் தனித்தனியே நலம் விசாரித்தல் வேண்டும்.

ஐந்தாவது, பிரிவையும் முன்னரே திட்டமிட வேண்டும். படிப்பு முடிந்து நாம் போகத்தான் வேண்டும். போகும் நாளைப் பிள்ளைக்குச் சில திங்கள் முன்னதாகவே கூறி, அடுத்து வருபவரை நாமே அழைத்துச் சென்று அறிமுகப்படுத்தி, விடைபெற்றுச் செல்வது ஒன்று. தேர்வு வந்ததும் சொல்லாமல் மறைவது மற்றொன்று. முன்னது பிரிவு, பின்னது கைவிடுதல்.

இவ்வைந்துக்கும் இசைபவர் பத்துப் பேர் கிடைத்தால் வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம். ஐந்து பேரே கிடைத்தாலும் தொடங்கலாம். ஒருவரும் கிடைக்காவிடின், தொடங்காமல் இருப்பதே அப்பிள்ளைகளுக்கு நாம் செய்யும் நன்மை. பெயர் கொடுக்க விரும்புவோர், வரும் ஆண்டில் தமக்குள்ள தேர்வுகளையும் ஊர்ப் பயணங்களையும் முதலில் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, பின்னர் மன்றச் செயலாளரிடம் வாருங்கள்.