செல் பெருக்கும் ஊக்கியும் திசு வாழைக் கன்றும்

பயிரின் வளர்ச்சிக்கு அடிப்படை செல் பகுப்பு. ஒரு செல் இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகுவதைத் தூண்டும் பொருட்களுக்குச் சைட்டோகைனின் என்று பெயர். இவை பெரும்பாலும் வேர் நுனியில் உற்பத்தியாகி, நீருடன் தண்டுக்கும் இலைக்கும் செல்கின்றன. இளநீரிலும் உண்டு.

1955ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மில்லர், ஸ்கூக் ஆகியோர் அடங்கிய குழுவினர், ஹெர்ரிங் மீன் விந்தின் டி.என்.ஏ.விலிருந்து 'கைனெட்டின்' என்ற ஊக்கியைப் பிரித்தெடுத்தனர். புகையிலைத் தண்டின் திசு அதனால் பெருகியது. சைட்டோகைனின் மிகுந்து ஆக்சின் குறைந்தால் தளிரும், ஆக்சின் மிகுந்தால் வேரும் தோன்றும் என்று 1957ல் ஸ்கூக்கும் மில்லரும் விளக்கினர்.

திசு வாழை உற்பத்தி இவ்விதியைக் கொண்டே நடைபெறுகிறது. தாய் மரத்தின் ஈட்டிக் கன்றிலிருந்து குருத்து நுனியை எடுத்து, பென்சைல் அடினைன் என்ற சைட்டோகைனின் கலந்த ஊடகத்தில் வளர்க்கின்றனர். தளிர்கள் கொத்தாகத் தோன்றும். அவற்றைப் பிரித்துப் புதிய ஊடகத்தில் வைத்தால் மீண்டும் பெருகும். பின்னர் ஆக்சின் உதவியால் வேர் விடச் செய்து, நிழல்வலைக் குடிலில் வைத்துக் கடினப்படுத்துகின்றனர்.

ஊக்கி நல்லது கெட்டது பார்ப்பதில்லை. தாய் மரத்தில் முடிக்கொத்து நோயின் நச்சுயிரி இருந்தால் அதுவும் கன்றுகளுக்குப் பரவும். ஊக்கியின் அளவு மிகுந்தாலும், பிரித்து வளர்க்கும் சுற்றுகள் கூடினாலும், இனம் மாறிய கன்றுகள் பெருகும். ஆகவே 8 சுற்றுகளுக்கு மேல் போகாமல் நிறுத்துவது நல்ல ஆய்வுக்கூடங்களின் வழக்கம். இனம் மாறிய கன்றுகளில் சில குலை தள்ளும்போதுதான் தெரியவரும். அதற்குள் உரம், நீர், உழைப்பு அனைத்தும் செலவாகிவிடும்.

எனவே, கன்று வாங்கும் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை:

1. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2006ல் தொடங்கிய சான்றளிப்பு முறையின்கீழ், அந்தத் தொகுதிக் கன்றுகளுக்கு நச்சுயிரிப் பரிசோதனைச் சான்று உள்ளதா எனக் கேட்க வேண்டும்.

2. எத்தனை சுற்றுகள் பெருக்கப்பட்டவை என்பதையும் விசாரிக்க வேண்டும்.

3. மிகக் குட்டையானவை, குறுகிய தடித்த இலை உடையவை, இலையில் வெளிர் திட்டு உள்ளவை ஆகியவற்றை நாற்றங்காலிலேயே நீக்க வேண்டும்.

4. கடினப்படுத்தி, 5 அல்லது 6 இலைகளுடன் ஒரே சீராக வளர்ந்த கன்றுகளையே நட வேண்டும்.

விலை குறைவு என்பதற்காகச் சான்றில்லாக் கன்றை வாங்கினால், இழப்பு குலை வெட்டும் வரை தொடரும்.