பாட்டுப்பெட்டி வாங்குமுன் ஒரு கணக்கு

கோபர்கைரனே, கன்சோலி, வாசி முதலிய பகுதிகளில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், ஊரிலிருந்து வந்து தங்கியுள்ள தாய் தந்தையரைக் காண்கிறோம். பிள்ளைகள் அலுவலகத்திற்கும் பேரக்குழந்தைகள் பள்ளிக்கும் சென்றபின், அக்கம்பக்கத்து மொழி அறியாத அவர்களுக்குப் பகல் முழுதும் துணையாவது பாட்டுத்தான். “அப்பாவுக்குத் தனியாகப் பாட்டுப்பெட்டி வாங்குவதா, பழைய கைப்பேசியைக் கொடுத்துவிடுவதா?” என்று வாடிக்கையாளர் நம்மிடம் வினவுவதுண்டு. இசை நமது துறையன்று. ஆனால் அவ்வினாவில் பணமும் பாதுகாப்பும் கலந்திருப்பதால் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

கைப்பேசியில் பாட்டு இலவசம் என்பது பாதி உண்மையே. பல வீடுகளில் முதியவரின் ஓய்வூதியக் கணக்கு அதே கைப்பேசி எண்ணோடு இணைக்கப்பட்டிருக்கும். ஒருமுறைக் கடவுச்சொல் அதற்குத்தான் வரும். பாட்டைத் தேடும் விரல் இடையில் தோன்றும் விளம்பரத்திலோ அறியாத இணைப்பிலோ படுவதற்கு நொடிப்பொழுது போதும். (அவ்வாறு பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.) இணையத்தோடு தொடர்பே இல்லாத ஒரு கருவியில் இந்த அச்சம் இல்லை. சில ஆயிரம் ரூபாய் செலவிடுவதற்கு இது ஒன்றே போதிய காரணம் என்பது நமது கருத்து.

இனி, எதை வாங்குவது? ‘ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்’ இசைத்தட்டுகளால் நம் பெற்றோர் அறிந்த கிராமபோன் கம்பெனியே இன்றைய சரிகம நிறுவனம். அது 2017-இல் பழைய வானொலி போன்ற தோற்றத்தில் ‘கார்வான்’ என்னும் பெட்டியைக் கொண்டுவந்தது. பின்னர் தமிழ்ப் பாடல்களுக்கென்றே ஒரு வகையும் வந்தது. பாடல்கள் உள்ளேயே பதிவு செய்யப்பட்டிருப்பதும், குமிழைத் திருப்பினால் பாடுவதும் முதியோருக்குப் பெரும் வசதி. ஆனால் அந்நிறுவனம் உரிமை பெற்ற பாடல்களே அதில் இருக்கும். தந்தை விரும்பும் பாடல்கள் பட்டியலில் உள்ளனவா என்று வாங்குமுன் பார்த்துவிடுவது நல்லது. இல்லையெனில், மெமரி கார்டு செருகும் வசதியுள்ள சிறிய ஸ்பீக்கரோ சட்டைப்பை அளவிலான எம்.பி.3 பிளேயரோ குறைந்த விலையில் போதும். பண்பலை வானொலி வசதிக்கெனக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை. இங்கே கேட்கும் நிலையங்கள் பெரும்பாலும் இந்தியும் மராத்தியுமே பேசுகின்றன.

மெமரி கார்டின் அளவைப் பற்றி விற்பனையாளர் சொல்வதைவிடக் கணக்கு நம்பத்தக்கது. நொடிக்கு 128 கிலோபிட் தரத்திலான எம்.பி.3 பாடல் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1 எம்.பி. இடம் கொள்ளும். ஐந்து நிமிடப் பாடலுக்கு 5 எம்.பி. என்றால், 8 ஜி.பி. கார்டிலேயே சுமார் 1,600 பாடல்கள் அடங்கும். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் கேட்டாலும் ஒரு பாடல் மீண்டும் வர ஒரு மாதம் ஆகும். தரத்தை 320 கிலோபிட்டாக உயர்த்தினால் 32 ஜி.பி. கார்டு வேண்டும், அதற்குமேல் தேவையில்லை. மலிவான கருவிகள் பல 32 ஜி.பி.க்கு மேற்பட்ட கார்டுகளை ஏற்பதுமில்லை. சில நூறு ரூபாய்க்கு 512 ஜி.பி. என்று நடைபாதையில் கூவி விற்கப்படுவதை ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும். போலிக் கார்டு முழு அளவையும் திரையில் காட்டும். ஆனால் உண்மைக் கொள்ளளவு நிரம்பியபின் பதிவு செய்யும் பாடல்கள் பாடா.

பேட்டரியே இக்கருவிகளில் முதலில் தளர்வது. அதை மாற்ற இயலுமா, எங்கே மாற்றித் தருவார்கள் என்று கேளுங்கள். பேட்டரிக்கும் சார்ஜருக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தைத் தொடர்ந்து எட்டு இலக்கப் பதிவெண் அவற்றில் அச்சிடப்பட்டிருக்கும். லாமிங்டன் சாலைக்கே சென்று வாங்கினாலும் ரசீதைக் கேட்டுப் பெறுங்கள். ரசீது இருந்தால்தான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடுவது எளிதாகும்.

தவணையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ‘வட்டியில்லாத் தவணை’ என்ற பெயரைக் கண்டு மகிழ்வோர் பலர். பாரத ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே, பூஜ்ய வட்டி என்று ஒன்று உண்மையில் இல்லை என்பதை வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டிவிட்டது. 6,000 ரூபாய்க் கருவியை ஆறு மாதத் தவணையில், ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டியில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். விற்பவர் ஏறத்தாழ 254 ரூபாயைத் தள்ளுபடியாகக் கழிப்பார். அதே தொகையை வங்கி வட்டியாகப் பெறும். இதுவரை சரிதான். ஆனால் அவ்வட்டியின்மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 46 ரூபாய். செயலாக்கக் கட்டணம் 199 ரூபாய் என்றால் வரியோடு 235. ஆக 281 ரூபாய் நம் கையிலிருந்து போகிறது. ஒரு நல்ல மெமரி கார்டின் விலை அது. ரொக்கமாகத் தந்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடியை இதில் நாம் சேர்க்கவில்லை. இத்தகைய சிறு பொருளுக்கு, மூன்று மாதம் சேமித்து ஒரே தொகையாகத் தருவதையே நாம் பரிந்துரைப்போம். தவணைக் கடன் தரும் வங்கியின் அலுவலர்களே இதைச் சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம்.

கூடுமானால் முதியவரையே கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். பொத்தான்களை அவர் விரலே அழுத்திப் பார்க்கட்டும். எழுத்து கண்ணுக்குத் தெரிகிறதா என்று அவரே சொல்லட்டும். கோபர்கைரனேயின் நெருக்கமான வரிசை வீடுகளில் இரவுப் பாட்டு அடுத்த வீட்டுக்கும் கேட்கும். ஆகவே ஹெட்போன் துளை இருப்பது அவசியம். ஆனால் செவி மங்கியவர் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவார். வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்பதாயின் 80 டெசிபலுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள எல்லை. ஒலியின் உச்ச அளவை முன்கூட்டியே கட்டுப்படுத்தி வைக்கும் வசதி சில பிளேயர்களில் உண்டு. கடையிலேயே அதைச் செய்து தரச் சொல்லுங்கள்.