பட்டத்துக்கு எந்தக் குச்சி?

பனமலை ஏரிக்கரைக் காற்றுக்குச் சின்னப் பட்டம் என்றால் தென்னை ஈர்க்கே போதும். ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்திருப்பதால், குறுக்கு வில்லுக்கு இரண்டு ஈர்க்கைத் தலைமாற்றிச் சேர்த்துக் கட்டுங்கள். இல்லாவிட்டால் பட்டம் ஒருபக்கமாகவே சாயும்.

இரண்டடிக்கு மேல் போனால் மூங்கில்தான். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று ஏறும் ராட்சதப் பட்டங்களுக்கும் எலும்பு அதுவே. முற்றியதைப் பிளந்து நிழலில் காயவிடுங்கள். பலமெல்லாம் வெளித்தோலை ஒட்டித்தான் இருக்கிறது. சீவுவதை உள்பக்கமாகச் சீவுங்கள். குச்சியின் நடுவை விரலில் நிறுத்திப் பார்த்து, தாழும் பக்கத்தை இன்னும் கொஞ்சம் இழையுங்கள். நடுக்குச்சி விறைப்பாகவும் வில் வளைந்துகொடுப்பதாகவும் இருக்கட்டும்.

சவுக்கு மிலார் சும்மா கிடைக்கும்தான், கனம், வேண்டாம்.

நூல் சாதாரணப் பருத்தி நூலே. மாஞ்சா கழுத்தை அறுக்கும். தமிழ்நாட்டில் அதற்குத் தடையும் உண்டு.