ஊர்ப்பொருளும் ஊர்க்கணக்கும்

ஊர்ப்பொதுப் பொருள் எல்லார்க்கும் உரியது. எல்லார்க்கும் உரியதாகலின், அதனைக் காப்பார் ஒருவருமிலர் என்னும் நிலையும் எளிதில் வந்து சேர்கின்றது. ஏரியும் வாய்க்காலும் தோப்பும், அவற்றால் வரும் வருவாயும் ஒரு சிலர் கையில் ஒப்புவிக்கப்படுமாயின், அவர்பால் ஊரார் கணக்குக் கேட்பது எங்ஙனம்? இவ்வினாவிற்குத் தமிழகத்து ஊரொன்று ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னரே கல்லில் விடை பொறித்து வைத்தது. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் இரண்டு உள்ளன. முன்னது அவனது 12-ஆம் ஆட்சியாண்டாகிய கி. பி. 919-லும், பின்னது 14-ஆம் ஆட்சியாண்டாகிய 921-லும் எழுந்தன. அவை கூறும் குடவோலை முறையை மாணாக்கர் பலரும் அறிவர். ஊரை முப்பது குடும்புகளாகப் பகுத்து, குடும்புதோறும் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றுமறியாச் சிறுவன் ஒருவனைக்கொண்டு ஓலை எடுப்பித்தனர். இங்ஙனம் வந்த முப்பதின்மருள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்தையும், பன்னிருவர் தோட்ட வாரியத்தையும், அறுவர் ஏரி வாரியத்தையும் 360 நாள் நடத்தினர்.

இத்தேர்தல் முறையைப் புகழ்வோர் பலர். அதனோடு இணைந்த கணக்கு விதிகளை நோக்குவோர் சிலரே. எம் கருத்தில் சாசனத்தின் உயிர்நிலை அவ்விதிகளிலேயே உள்ளது. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாது நின்றவன் மீண்டும் குடவோலைக்கு உரியனல்லன். அவன் மட்டுமோ? அவனுடைய உடன்பிறந்தார், மாமனார், மருமகன், சிற்றன்னை பேரன்னையர் மக்கள், அத்தை மக்கள் முதலிய உறவினரும் விலக்கப்பட்டனர். தான் வரவியலாதவன் தன் உறவினன் பெயரால் வருவான் என்பதை அவ்வூரார் நன்கு அறிந்திருந்தனர் போலும். முந்திய மூன்றாண்டுகளுள் வாரியஞ் செய்தாரும் விலக்கப்பட்டனர். வாரியத்திலிருப்போன் குற்றமுடையனாகக் காணப்படின், ஆண்டு முடியுமளவும் பொறுத்திராது அப்பொழுதே நீக்கினர்.

கணக்கெழுதுவோனைப்பற்றிய விதி இவற்றினும் நுண்ணியது. நேரிய வழியில் பொருளீட்டியவனே ஊர்க்கணக்கு எழுதவேண்டும். தான் எழுதிய கணக்கைப் பெருமக்கள்முன் காட்டித் தூயன் என்று தெளியப்படுமுன்னர் அவன் மீண்டும் அப்பணிக்கு வருதல் கூடாது. அன்றியும், தன் கணக்கைத் தானே கொண்டுவந்து ஒப்புவிக்கவேண்டும். அதனை முடிக்க வேறொரு கணக்கன் புகுதலாகாது. இதன் காரணம் தெளிவு. எழுதியவன் ஒருவனும் ஒப்புவிப்பவன் மற்றொருவனுமாயின், பிழை நேர்ந்தபொழுது இருவரும் ஒருவர்மேலொருவர் பழி சுமத்தித் தப்புவர். இழப்போ ஊரின்மேல் நிற்கும்.

ஏரிக்கு இவ்வளவு காவல் எற்றுக்கு எனின், கூறுதும். அவ்வூரின் ஏரி வயிரமேக தடாகம் எனப் பெயர் பெற்றது. அதன் தூர் வாருதற்குப் பொன் வைத்த செய்தியைப் பல்லவர் காலத்துச் சாசனம் உரைக்கின்றது. பொற்பண்டாரத்திற் குறைவு நேர்ந்தால் எண்ணியறியலாம். ஏரியின் அடியில் ஆண்டுதோறும் படியும் வண்டலை யார் அறிவர்? நீர்ப்பரப்பு முன்போலவே அகன்று தோன்றும். ஆழமோ குறைந்துகொண்டே வரும். மழை பொய்த்த ஆண்டில் கடைமடை காய்ந்தபின்னரே ஊரார் அதனை உணர்வர். ஆகலின், கண்ணுக்குப் புலனாகாத இழப்பைக் காட்டவல்லது கணக்கு ஒன்றே.

நிற்க. இச்சபையைக் குறைவற்ற குடியாட்சி என்று கொண்டாடுதல் பொருந்தாது. அது பிரமதேய ஊர். சொந்த நிலமும் மனையும் வேதப்பயிற்சியும் உடைய, 35-க்கு மேல் 70-க்கு உட்பட்ட வயதினரே பின்னைய சாசனத்தின்படி வாரியத்திற்கு உரியர். பெண்டிர்க்கும், நிலமற்றோர்க்கும், ஏரிக்கரையில் மண் சுமந்தோர்க்கும் ஆண்டு இடமில்லை. அவ்வேலியைத் தள்ளி, கணக்குநெறியை மட்டும் நாம் கொள்ளல் வேண்டும்.

அவ்வேலி இன்று சட்டத்தளவில் வீழ்ந்துவிட்டது. 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தம் ஊராட்சிகட்கு நிலைபேறு அளித்தது. சிறுபாசனம், நீர் மேலாண்மை, மீன்வளம் உள்ளிட்ட 29 பொருள்களை அவற்றிடம் ஒப்புவிக்க அஃது இடந்தந்தது. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊரின் வாக்காளர் அனைவரும் கிராம சபையினரே. ஆயினும் சட்டம் இருப்பது வேறு, கேள்வி எழுவது வேறு. 2016 அக்டோபரில் ஊரக உள்ளாட்சிகளின் காலம் முடிந்தபின், 2019 டிசம்பர் வரை தேர்தல் நடைபெறவில்லை. தனி அலுவலரே நிருவகித்தனர். தம்மால் தேர்ந்தெடுக்கப்பட்டாரைக் கேட்கும் வாய்ப்பே ஊரார்க்கு மூன்றாண்டுக்கு மேல் இல்லாதொழிந்தது.

சென்ற விடுமுறையில், அக்டோபர் 2-ஆம் நாள், எம்மூர்க் கிராம சபைக்கு யாமும் சென்றிருந்தோம். வரவு செலவு ஒரே மூச்சில் வாசிக்கப்பட்டது. கையொப்ப ஏடு கைம்மாறத் தொடங்கியபொழுது, முதிய அம்மையார் ஒருவர் எழுந்து, ஏரியில் எடுத்த மண் எத்தனை வண்டி, அஃது எங்குச் சென்றது என்று வினவினார். அடுத்த கூட்டத்தில் சொல்லப்படும் என்றனர். சென்ற கூட்டத்திலும் இதுவே விடையாயிற்று என்று அவர் கூறவே, சிலர் நகைத்தனர். அவர் அமர்ந்துவிட்டார். யாம் உத்தரமேரூர்ச் சாசனத்தைக் கற்றுத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றோம். எனினும் அன்று வாய் திறந்திலோம். கைந்நாட்டு வைக்கும் அவ்வம்மையார்க்குச் சாசனத்தின் பொருள் விளங்கியிருந்தது. எமக்கு அதன் சொற்களே விளங்கியிருந்தன.

அன்பார்ந்த மாணாக்கரே, நம்மிற் பலர் சிற்றூரிலிருந்து வந்தோம். நம் கல்விக்குப் பொருள் தந்த வயலும், அவ்வயலுக்கு நீர் தந்த ஏரியும் ஆண்டுள்ளன. அடுத்த கிராம சபை நாளில் அவ்வம்மையாரின் வினாவைப் பின்னும் ஒருமுறை கேட்பதென்று யாம் துணிந்துள்ளோம். நும் ஊரில் நீவிரும் கேண்மின்.